கடைமடையில் நின்று போட வேண்டிய மார்க்: ஆஸ்திரேலியாவின் பார்ட்னர் மதிப்பீட்டுப் படிவம், ஒரு மதிப்புரை

பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் திறந்த அன்றைக்கு விநாடிக்கு எத்தனை கன அடி போகிறது என்று அதிகாரி குறித்துக்கொள்வார். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் மேலூர்க் கடைமடையில் வயல் வைத்திருப்பவரிடம் பதினைந்து நாள் கழித்துக் கேட்டால் அவர் வேறு கணக்கு சொல்வார். வெளிநாட்டு அரசுகளின் உதவிப் பணமும் இப்படித்தான் பாய்கிறது. தலைமதகில் ஒரு தூதரகம், நடுவில் திட்டத்தை நடத்தும் நிறுவனம், கடைசியில் கொட்டாம்பட்டியிலோ சேடபட்டியிலோ ஒரு பயனாளி. நடுவில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கு மார்க் போட ஒவ்வொரு நாடும் ஒரு படிவம் வைத்திருக்கிறது. அவற்றில் ஆஸ்திரேலியாவின் படிவத்தை மதுரைப் பக்கத்து வேலைகளில் வைத்துப் பார்த்தால் எது தேறுகிறது, எது தேறவில்லை என்பதே இந்த மதிப்புரை.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. அறிக்கைகளில் 'பங்காளி நிறுவனம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். மதுரையில் பங்காளி என்றால் வரப்புத் தகராறும் கோயில் மரியாதைத் தகராறும்தான் ஞாபகம் வரும். களத்தில் எல்லோரும் 'பார்ட்னர்' என்றே சொல்கிறார்கள். பணம் தருபவர் 'டோனர்'. இங்கும் அப்படியே இருக்கட்டும்.

பொருள் என்ன

ஆஸ்திரேலியாவில் உதவிப் பணிகளை ஆஸ்எய்ட் என்ற தனி அமைப்பு பார்த்துவந்தது. 2013இல் அது வெளியுறவு, வணிகத் துறைக்குள் கரைக்கப்பட்டது. அந்தத் துறையின் சுருக்கப் பெயர் டிஃபாட். 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஒப்பந்தம் உள்ள பார்ட்னர்களுக்கு டிஃபாட் ஆண்டுக்கு ஒருமுறை 'பார்ட்னர் பெர்ஃபார்மன்ஸ் அசெஸ்மென்ட்' எழுதுகிறது. சுருக்கமாக பி.பி.ஏ. ஒப்பந்ததாரர், தொண்டு நிறுவனம், பன்னாட்டு அமைப்பு எல்லோரும் இதற்குள் வருவார்கள். மார்க் 1 முதல் 6 வரை. 6 என்றால் மிக நன்று, 4 என்றால் போதுமானது, 3 என்றால் போதாது. நாலும் அதற்கு மேலும் பாஸ், மூன்றும் அதற்குக் கீழும் ஃபெயில் என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் நின்று தப்பிக்க வழியில்லாத இரட்டைப்படை அளவுகோல் என்பதே முதல் நல்ல விஷயம். ஐந்து மார்க் அளவுகோலாக இருந்தால் எல்லோரும் மூன்றில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

டாலருக்கு 55 ரூபாய் என்று வைத்தால் 30 லட்சம் டாலர் 16.5 கோடி ரூபாய். மதுரையில் இருக்கும் அமைப்புகள் இந்த வரம்பை நேரடியாகத் தொடுவது அபூர்வம். ஆனால் ஆஸ்திரேலிய அரசின் பணம் அங்குள்ள தொண்டு நிறுவனங்கள் வழியாக வரும் திட்டங்களில், இதே பாணிக் கேள்விகள் சின்ன உருவத்தில் வந்து சேரும். மேலே உள்ளவருக்கு வைக்கப்படும் பரீட்சையை அவர் கீழே உள்ளவருக்கு வைக்கிறார். அதனால் படிவத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது இங்குள்ளவருக்கும் லாபம்தான்.

கேள்விகள் ஐந்து தலைப்பில் வருகின்றன: நீடித்த பலன் கிடைத்ததா, பணத்துக்குத் தக்க மதிப்பு கிடைத்ததா, ஒத்துழைப்பும் தகவல் தொடர்பும் எப்படி, கொள்கைப் பொருத்தமும் அபாய மேலாண்மையும் புதுமையும் எப்படி, பார்ட்னர் வைத்திருக்கும் ஆட்கள் எப்படி. எழுதுபவர் டிஃபாட்டில் அந்த ஒப்பந்தத்தை நிர்வகிப்பவர். எழுதியதைப் பார்த்து பதில் சொல்ல பார்ட்னருக்கு இடம் உண்டு. அந்தப் பதிலும் ஃபைலில் சேரும். அடுத்த டெண்டரில் பழைய மார்க்கை எடுத்துப் பார்ப்பார்கள் என்பதால் பார்ட்னர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் போடும் மார்க்

ஐந்து தலைப்பையும் ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: இதற்கு மார்க் போட மதிப்பீட்டாளர் ஊருக்குப் போக வேண்டுமா? மூன்றாவது தலைப்புக்கு வேண்டாம். மெயிலுக்கு எத்தனை நாளில் பதில் வந்தது, அறிக்கை கெடுவுக்குள் வந்ததா என்பதெல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. நாலாவதற்கும் வேண்டாம். அபாயப் பட்டியல் என்று ஒரு எக்செல் ஷீட் இருந்தால் போதும். ஐந்தாவதில் டீம் லீடரைப் பற்றி எழுதலாம், அவரைத்தான் ஜூமில் பார்த்தாயிற்றே. ஆக ஐந்தில் இரண்டரை தலைப்பு மரியாதைக்கும் காகிதத்துக்கும் போய்விடுகிறது. ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு ரிப்போர்ட் ஆபீசரை வைத்திருக்கும் நிறுவனம் 4க்குக் கீழே இறங்குவது கஷ்டம்.

இன்னொரு பலவீனம் மனித இயல்பு சார்ந்தது. மார்க் போடுபவர்தான் அந்தப் பார்ட்னரை வேலை வாங்குபவர். 3 போட்டால் 'நீ ஆண்டு முழுக்க என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்' என்ற கேள்வி அவர் பக்கம் திரும்பும். 4 போட்டால் ஃபைல் நகரும். ஐந்து தலைப்பிலும் 4, 5 என்று மட்டுமே இருக்கும் படிவத்தைக் கண்டால், மார்க்கை விட்டுவிட்டு அதன் கீழே எழுதிய ஆதாரத்தைப் படிக்க வேண்டும். அங்கே ஊர்ப் பெயர், தேதி, எண்ணிக்கை இருக்கிறதா, இல்லை 'திருப்திகரமான முன்னேற்றம்' மட்டும் இருக்கிறதா என்பதே போதும்.

ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுக்கும் பழக்கமும் உண்டு. நாலு தலைப்பில் 5, பலனில் மட்டும் 2 என்றால் கூட்டுத்தொகை 22, சராசரி 4.4. பாஸ். கண்மாய் மடை ஒழுகுகிறது, பார்ட்னர் பாஸ். வகுக்காதீர்கள். பலன் என்ற தலைப்பில் 3 விழுந்தால் மற்ற நாலும் 6 ஆனாலும் ஃபெயில் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

பலன்: கண்மாய்க் கணக்கு

முதல் தலைப்புதான் உயிர். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் உதவிப் பணம் அடிக்கடி போய்ச் சேரும் வேலை கண்மாய் சீரமைப்பு. ஒரு உதாரணக் கணக்கு: ஒரு கண்மாயில் 6,000 கன மீட்டர் வண்டல் எடுத்ததாக அறிக்கை. நம்மூரில் மண் யூனிட் கணக்கில்தான் பேசப்படும். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 6,000 கன மீட்டர் என்றால் ஏறத்தாழ 2,120 யூனிட். ஒரு டிராக்டர் டிரெய்லர் நடைக்கு ஒரு யூனிட், நாலு டிராக்டர், நாளுக்குப் பதினைந்து நடை என்றால் 60 யூனிட். 35 நாள் வேலை. வாடகை பில்லில் 20 நாள்தான் இருக்கிறது என்றால் எடுத்தது 3,400 கன மீட்டர் மாதிரிதான். அதுவும் தாராளமான கணக்கு. வெட்டிய மண் உதிர்ந்து கால் பங்கு வரை பெருகும் என்பதால் உண்மையில் நடை இன்னும் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட எஞ்சினியர் வேண்டாம். எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), டீசல் பில், டிராக்டர் வாடகை ரசீது மூன்றையும் ஒரே மேசையில் விரித்தால் போதும். மூன்றும் தனித்தனியாகச் சரியாக இருக்கும், ஒன்றோடொன்று சேர்த்தால்தான் இடிக்கும்.

மண் எடுத்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எங்கிருந்து எடுத்தார்கள்? மடைக்கு முன்னால் எடுத்தால் சாகுபடிக்கு உதவும். செங்கல் சூளைக்கு எது நல்ல மண்ணோ அங்கே மட்டும் குழி தோண்டினால் நடுவில் பள்ளம் விழும், அதில் நிற்கும் தண்ணீர் மடைக்கு ஏறாது. வரத்துக் கால்வாயில் ஆக்கிரமிப்பும் சீமைக்கருவேலமும் அப்படியே இருக்க, கரையை மட்டும் உயர்த்தி போட்டோ எடுத்த கண்மாய்கள் எத்தனையோ. கலுங்கு, அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம், அதன் மட்டத்தை யாராவது ஏற்றிவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். அரை அடி ஏற்றினாலும் மேல்பக்கத்துக்காரர் பட்டா நிலம் மூழ்கும். அடுத்த மழையில் அவரே கலுங்கை உடைப்பார்.

இங்கேதான் படிவத்தின் பெரிய ஓட்டை தெரிகிறது: நேரம். ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. ஆண்டு முடிவை ஒட்டிப் பார்வையிட வருபவர் மே, ஜூனில் கண்மாய்க்கு வந்தால் பார்ப்பது வெடித்த மண்ணும் நாலு ஆடும். மடை ஷட்டர் ஒழுகுகிறதா என்று தண்ணீர் இல்லாமல் எப்படிச் சொல்வது? மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் செப்டம்பரில் திறப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. டிசம்பரில் வந்தால் ஒரே நாளில் எல்லாம் தெரிந்துவிடும். கரையில் ஊறல் எங்கே, மடையில் எத்தனை பேர் முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள், கடைசி வயல் நனைந்திருக்கிறதா. போதாததற்கு ஜூனில் பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டிய அவசரமும் வரும். மழைக்கு முன்னால் போட்ட புது மண்கரையைத் தண்ணி தெளித்து ரோலர் ஓட்டி இறுக்காமல் விட்டால் நவம்பரில் அரித்துக்கொண்டு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் செலவுக் கெடு முன்னால் வந்துவிடுகிறது.

பலன் தலைப்புக்கு நம் மார்க்: கேள்வி நல்ல கேள்வி என்பதால் 5, கேட்கும் காலம் தப்பு என்பதால் ஒன்று குறைத்து 4.

பணத்துக்கு மதிப்பு

இரண்டாவது தலைப்பில் இங்குள்ள சட்டம் குறுக்கே வருகிறது. கான்பெராவில் எழுதிய கேள்விக்கு மதுரையில் பதில் சொல்லும்போது எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தெரியாதவர் தவறான மார்க்தான் போடுவார்.

வெளிநாட்டு அரசின் பணமும் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐ.நா. அமைப்புகளின் பணம் இந்த வலையில் விழாது என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். 2020 செப்டம்பர் திருத்தம் மூன்று விஷயங்களை மாற்றியது. பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் திறந்த கணக்கில்தான் இறங்க வேண்டும், பிறகே மதுரையில் உள்ள பயன்பாட்டுக் கணக்குக்கு வரலாம். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பது அடியோடு தடை.

மதிப்பீட்டாளர் செய்யும் முதல் தப்பு, நிர்வாகச் செலவு 8 சதவீதம் என்று பார்த்தவுடன் 'சிக்கனமான பார்ட்னர்' என்று 5 போடுவது. எந்தச் செலவு எந்தத் தலைப்பில் போகிறது என்பதில்தான் சூட்சுமம். ஆஸ்பத்திரியின் டாக்டர் சம்பளம், பள்ளியின் ஆசிரியர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. அலுவலக வாடகை, நிர்வாகிகளின் ஊதியம், கணக்காளர் சேரும். இந்தக் கோட்டில் எதை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டால், உள்தணிக்கைக்கு ஆள் வைத்த ஒழுங்கான அமைப்பு தோற்கும், ஒரு ஆளும் வைக்காத அமைப்பு ஜெயிக்கும்.

இரண்டாவது, மாற்று விகிதம். பட்ஜெட் போட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையில் டாலருக்கு 2 ரூபாய் வித்தியாசம் என்றால் 3 லட்சம் டாலரில் 6 லட்சம் ரூபாய். லாபமோ நஷ்டமோ, அது எந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். வங்கி வட்டியும் அதே மாதிரி. எஃப்.சி. கணக்கில் விழும் வட்டியும் வெளிநாட்டு நன்கொடையாகவே கணக்கில் காட்டப்பட வேண்டும். ஆண்டுக்கணக்கை எஃப்.சி.-4 படிவத்தில் டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்கிறார்கள். டோனருக்குக் கொடுத்த யூ.சி.யையும் (பணம் செலவான விவரச் சான்று) எஃப்.சி.-4ஐயும் பக்கத்தில் வைத்தால் தொகை ஒத்துப்போக வேண்டும். ஒன்று ஜூலை–ஜூன், மற்றொன்று ஏப்ரல்–மார்ச் என்பதால் நேராக ஒத்துப்போகாது. மூன்று மாதத்தை வெட்டி ஒட்டிச் சரிபார்த்த தாளை பார்ட்னரிடமே கேளுங்கள். அந்தத் தாள் தயாராக இருந்தால் கணக்காளர் கெட்டிக்காரர். 'அடுத்த வாரம் அனுப்புகிறோம்' என்றால் அடுத்த வாரம்தான் தயாரிக்கப் போகிறார்கள்.

மூன்று கொட்டேஷன் விவகாரம் பழசு, ஆனால் இன்னும் ஓடுகிறது. மூன்று கடையின் லெட்டர்பேடிலும் ஒரே எழுத்துரு, ஒரே எழுத்துப்பிழை. ஜி.எஸ்.டி. எண்ணை இணையதளத்தில் அடித்தால் இரண்டு கடைக்கு ஒரே முகவரி. பத்து நிமிட வேலை இது. பி.பி.ஏ. படிவம் இதைச் செய்யச் சொல்வதில்லை, ஏனென்றால் அது தணிக்கை இல்லை. சரிதான், ஆனால் தணிக்கையாளரும் மாதிரிக்கு நாலு வவுச்சர்தான் பார்ப்பார். இந்தத் தலைப்புக்கு 3க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

ஆட்கள்

டீம் லீடரின் தகுதி பற்றி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் டூவீலரில் ஊர் ஊராகப் போகும் களப்பணியாளர் பற்றி ஒரு வரி. திட்டம் நடப்பது இரண்டாமவர் கையில்தான். அவர் ஆண்டில் இரண்டு முறை மாறினால் குழுக்களின் பதிவேடு போச்சு, மகளிர் குழுவோடு இருந்த பழக்கமும் போச்சு. இதைப் பார்க்க ஒரு எளிய வழி: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். சலான் மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்படும். பன்னிரண்டு மாதச் சலானில் உள்ள பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். யார் வந்தார், யார் போனார், பட்ஜெட்டில் 14 பேர் என்றால் சலானில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். சின்ன அமைப்பென்றால் சம்பளம் போட்ட வங்கிப் பட்டியல்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: ஒரே ஆளின் சம்பளம் எத்தனை டோனரிடம் எழுதப்பட்டிருக்கிறது? இங்கே 60 சதவீதம், அங்கே 50, இன்னொரு இடத்தில் 30 என்றால் அவர் 140 சதவீத மனிதர். எல்லா டோனருக்குமான சம்பளப் பங்கீட்டை ஒரே தாளில் கேட்டால் நல்ல பார்ட்னர் தயங்காமல் தருவார்.

மற்ற கடைகளில் என்ன கிடைக்கிறது

பிரிட்டனின் ஆண்டு மதிப்பாய்வு A++, A+, A, B, C என்று எழுத்தில் மார்க் போடுகிறது. A என்றால் எதிர்பார்த்தபடி, C என்றால் வெகுவாகப் பின்தங்கியது. அதன் பலம், திட்டம் செய்து தர வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் எடை உண்டு என்பது. கண்மாய் 50, பயிற்சி 20, பாசனக் குழு 30 என்று முதலிலேயே எழுதிவைத்துவிட்டால், பின்னால் பயிற்சிக் கூட்டங்களைக் குவித்துக் கண்மாயை மறைக்க முடியாது. பலவீனம், இலக்கையே தாழ்த்தி வைத்து A வாங்கலாம். பணம் கொடுக்கும் முன் செய்யும் ஆய்வில் அவர்கள் நிர்வாகம், செய்து முடிக்கும் திறன், நிதி நிலைமை இவற்றோடு கீழ்நிலைப் பார்ட்னர்களையும் பார்க்கிறார்கள். இந்தக் கடைசி அம்சம்தான் பி.பி.ஏ.யில் தேடிப்பார்க்க வேண்டியிருக்கிறது. 2020க்குப் பிறகு இங்கே கீழே பணம் மாற்ற முடியாது என்பதால், ஊரை நன்றாகத் தெரிந்த சின்ன அமைப்பு இப்போது 'சேவை ஒப்பந்தக்காரர்' ஆகவோ, இல்லாமலோ போய்விட்டது. அவர்களுக்கு எவ்வளவு, எதற்கு என்று பில் வழியாகத்தான் தேட வேண்டும். 'கீழ்நிலைப் பார்ட்னர்: இல்லை' என்று எழுதிய கட்டத்தை நம்பி அடுத்த பக்கம் போகக் கூடாது.

ஐ.நா. அமைப்புகள் பார்ட்னருக்குப் பணம் கொடுக்கக் கையாளும் ஹாக்ட் முறை நேரெதிர். அபாயத்தைக் குறைவு, மிதம், கணிசம், அதிகம் என்று நாலாகப் பிரித்து, அதற்கேற்ப எத்தனை முறை திடீர்ச் சரிபார்ப்பு என்று முடிவு செய்கிறார்கள். பணப்பக்கம் கறார், வேலைப்பக்கம் மெத்தனம். ஜப்பானின் உதவி அமைப்பான ஜைகா, திட்டம் முடிந்து சில ஆண்டு கழித்து வந்து A முதல் D வரை போடுகிறது. அப்போதும் அந்தக் கட்டடமோ காடோ நிற்கிறதா என்று பார்ப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் பாதி வழியில் திருத்த அது உதவாது.

ஜைகா என்றதும் மதுரைக்காரருக்குத் தோப்பூர்தான் நினைவுக்கு வரும். அங்கே அமையும் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரி 27இல் அடிக்கல், ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில். அப்போதைய மொத்த மதிப்பீடான 1,977.80 கோடி ரூபாயில் 1,627.70 கோடி ஜைகா கடன். 2022இல் சேர்ந்த முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரத்தில் வகுப்புக்குப் போனார்கள். அடிக்கல்லுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் போன இரண்டாண்டுக்கு எந்தப் பார்ட்னர் படிவத்திலும் கட்டம் கிடையாது. பணம் தருபவர், வாங்கும் அரசு இருவர் பக்கத்துத் தாமதமும் பார்ட்னர் தலையில் விழும், இல்லாவிட்டால் காற்றில் போகும். 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்திவைத்து, ஜூலை 1இல் அதன் உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் தன் வேலையை முடித்துக்கொண்டபோது உலகெங்கும் நல்ல மார்க் வாங்கிய பார்ட்னர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். பி.பி.ஏ.யில் பார்ட்னர் பதில் எழுதும் பகுதி இருக்கிறதே, அதில் டோனர் தவணை எத்தனை நாள் தாமதமாக வந்தது என்று தேதியோடு எழுதிவைப்பது புத்திசாலித்தனம்.

எதிர் உதாரணம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்திய அரசே டோனராக நின்று இலங்கையில் நடத்திய வீட்டுத் திட்டம். வடக்கு, கிழக்கில் 2012 அக்டோபர் 2 முதல் பயனாளியே வீடு கட்டும் முறை வந்தது. புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், தவணையாக, நேராகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு. ஐ.நா. ஹேபிடாட், செஞ்சிலுவைச் சங்கங்கள், ஹேபிடாட் ஃபார் ஹியுமானிட்டி, இலங்கையின் தேசிய வீடமைப்பு அதிகார சபை ஆகியவை பார்ட்னர்கள். அவர்கள் வேலை ஆலோசனை சொல்வதும் கட்டுமானம் எந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று சான்று கொடுப்பதும். பார்ட்னர் கையில் வீட்டுப் பணம் நிற்காததால் மார்க் போடுவதும் சுலபம்: சான்று கொடுத்த வீட்டில் அந்த மட்டம் வரை சுவர் இருக்கிறதா, இல்லையா. குறையும் அங்கேதான். சிமென்ட், மணல், கூலி ஏறியபோது தொகை அதே இடத்தில் நின்றதால் வீட்டுக்காரர் கடன் வாங்கி முடிக்க வேண்டி வந்தது. பார்ட்னருக்கு நல்ல மார்க், வீட்டுக்காரருக்குக் கடன். 'வீடு முடிந்தது' என்ற ஒரே எண்ணிக்கை இதைக் காட்டாது.

படிவத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இரண்டு நாள்

படிவத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதற்கு முன்னால் இரண்டு நாள் களத்தில் செலவிட்டால் அதே ஐந்து தலைப்பும் உயிர்பெறும்.

முழுப் பயனாளிப் பட்டியலைப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை வாங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். 400 பேர் என்றால் 1 முதல் 20க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு இருபதாவது பெயர். இருபது பேர் கிடைப்பார்கள். இதோடு பஸ் போகாத ஊர்களிலிருந்து ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் கடைமடை. மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியம். திட்டம் மூன்றில் நடந்தால் மூன்றுக்கும் போக வேண்டும், ரோட்டோரத்து ஊருக்கு மட்டும் போனால் போகாததற்குச் சமம். 25 பேரில் மூன்று பேர் கிடைக்கவில்லை என்றால் 12 சதவீதம். அதை மோசடி என்று எழுதிவிடக் கூடாது. திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கலாம், பெயர் வேறாக இருக்கலாம். இன்னொரு 25 எடுங்கள். அதிலும் அதே அளவு என்றால் எழுதுங்கள்.

போனவுடன் 'திட்டத்தால் பயன் உண்டா?' என்று கேட்டால் 'நல்லா இருக்குங்க சார்' என்றுதான் வரும். பக்கத்தில் பார்ட்னரின் ஆள் நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? பாஸ்புக்கைக் கேளுங்கள், தேதியும் தொகையும் பேசும். கழிப்பறை என்றால் கதவைத் திறங்கள். விறகும் ஆட்டுக்குத் தழையும் இருந்தால் பயன்பாடு தெரிந்துவிடும். குடிநீர் ஆர்.ஓ. பிளான்ட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் ரசீது. யூனிட் ஏறாமல் இருந்தால் மெஷின் ஓடவில்லை. யார் கட்டுகிறார்கள், ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற மூன்று கேள்வியில் 'நீடித்த பலன்' தலைப்புக்கு முழுப் பதிலும் கிடைக்கும்.

பயிற்சி நடத்தியதற்கு வருகைப் பதிவேடு மட்டும் போதாது. நாற்பது கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் புரிந்துகொள்ள வேண்டும். பதிவேட்டில் 40 பேர், டீ வடை பில்லில் 25 என்றால் பில்தான் உண்மை. கடைக்காரர் வராதவருக்கு வடை சுட மாட்டார். போட்டோ ஆதாரத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லை அசல் போனிலேயே பாருங்கள். ஒரே பேனர் ஐந்து கூட்டத்தில் வந்தால் குற்றமில்லை, சிக்கனம். ஒரே ஐந்து பேர் ஐந்து ஊர்க் கூட்டத்திலும் முன்வரிசையில் இருந்தால்தான் பேச்சு.

இரண்டு நாளுக்கு வண்டி, தங்கல், பார்ட்னரைச் சாராத ஒரு களத் துணையாளர் எல்லாம் சேர்த்தாலும் 16.5 கோடி ஒப்பந்தத்தில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. களத் துணையாளர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும், ஆனால் அதே ஒன்றியத்துக்காரராக வேண்டாம். திருமங்கலத்துக்காரரை மேலூருக்கும், மேலூர்க்காரரைப் பேரையூருக்கும் அனுப்பலாம்.

யாருக்கு, எவ்வளவு

அதன் அளவுகோலிலேயே சொன்னால் பி.பி.ஏ.க்கு ஆறுக்கு நாலு. பெரிய ஒப்பந்ததாரர்களைக் கையாளும் தூதரக அதிகாரிக்கு உபயோகமானது: கேள்விகள் குறைவு, மொழி எளிது, பார்ட்னருக்குப் பதில் சொல்ல உரிமை இருக்கிறது, மார்க் அடுத்த டெண்டர் வரை தொடர்கிறது. இங்கே கீழ்மட்டத்தில் அதே படிவத்தை அப்படியே பிரதி எடுத்து 15 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு நீட்டுபவர்களுக்கு அது பொருந்தாது. அந்த அளவில் முதல் இரண்டு தலைப்பையும் களப்பணியாளர் பகுதியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். மார்க் போடும் தேதியை மட்டும் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கண்மாயில் தண்ணீர் இருக்கும், எஃப்.சி.-4 வேலைக்காகக் கணக்கு ஃபைல்களும் மேசை மேலேயே இருக்கும்.